நோயாளர் உடல்நலத் தகவல் இரகசியக் காப்பு: திருப்பூர் பின்னலாடைப் பகுதி

நோயாளர் உடல்நலத் தகவல் இரகசியக் காப்பு என்பது, ஒருவரின் நோய், பரிசோதனை முடிவு, மருந்து, மகப்பேறு போன்ற விவரங்களை அவருடைய ஒப்புதல் இல்லாமல் பிறருக்கு வெளியிடாமல் காப்பதைக் குறிக்கும். சிகிச்சையின்போது இந்த விவரங்கள் தெரியவரும் மருத்துவர், செவிலியர், ஆய்வகம், மருந்தகம், காப்பீட்டு நிறுவனம் ஆகிய அனைவருக்கும் இந்தக் கடமை உண்டு.

இந்தியாவில் இதற்கெனத் தனியாக ஒரு முழுமையான சட்டம் இல்லை. அரசியலமைப்பின் 21-ஆம் உறுப்பு, மருத்துவர்களின் நடத்தை விதிகள், எச்.ஐ.வி, மனநலம், கருக்கலைப்பு ஆகியவற்றுக்கான தனிச் சட்டங்கள், தொழிலாளர் சட்டங்கள், கணினித் தரவுச் சட்டங்கள் எனப் பல இடங்களில் இந்தப் பாதுகாப்பு சிதறிக் கிடக்கிறது. ஒருவருக்கு எவ்வளவு பாதுகாப்புக் கிடைக்கும் என்பது, அவருக்கு வந்த நோய் எது, அது பற்றிய குறிப்பு தாளில் உள்ளதா கணினியில் உள்ளதா, அதைக் கேட்பவர் யார் என்பவற்றைப் பொறுத்து மாறுகிறது.

தமிழ்நாட்டின் திருப்பூர் பின்னலாடைப் பகுதியில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. இங்கு பலருக்கு வேலை, தங்குமிடம், சிகிச்சை மூன்றும் ஒரே நிர்வாகத்தின் வழியாக அமைகின்றன. அதனால் மருத்துவரிடம் சொன்னது கம்பெனி அலுவலகம் வரை செல்லும் வாய்ப்பு மற்ற இடங்களைவிட அதிகம்.

பின்னணி

கோயம்புத்தூர், ஈரோடு மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு 2009-இல் திருப்பூர் மாவட்டம் உருவாக்கப்பட்டது. "பனியன் நகரம்" என்று அழைக்கப்படும் திருப்பூர், இந்தியாவின் பருத்திப் பின்னலாடை ஏற்றுமதியில் முதலிடம் வகிக்கிறது. நிட்டிங், சாயமிடுதல், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எனப் பிரிந்து நடக்கும் இத்தொழிலில், ஆயிரம் பேர் வேலை செய்யும் ஏற்றுமதி நிறுவனங்களும் பத்துப் பேர் கொண்ட சிறு யூனிட்டுகளும் அருகருகே இயங்குகின்றன. தென் மாவட்டங்களிலிருந்தும் பீகார், ஒடிசா, சார்க்கண்டு, மேற்கு வங்கம் போன்ற மாநிலங்களிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் இங்குப் பெரும் எண்ணிக்கையில் உள்ளனர். சுற்றியுள்ள நூற்பாலைகளில் இளம்பெண்கள் விடுதியில் தங்கி வேலை செய்யும் முறையும் உண்டு. இத்தகைய விடுதிகள் 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மகளிர் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட வேண்டும்.

இத்தொழில் அமைப்பில் உடல்நலத் தகவல் வெளியேறக்கூடிய வழிகள் பல:

- விடுப்புக் கேட்கும்போது நோயின் பெயரைச் சூப்பர்வைசரிடம் சொல்ல நேர்வது.
- மருத்துவச் சான்றுடன் மருந்துச்சீட்டு, ஆய்வக அறிக்கை ஆகியவற்றையும் சேர்த்து அலுவலகத்தில் கொடுப்பது.
- கம்பெனி வளாகத்தில் நடக்கும் மருத்துவ முகாமின் முடிவுகள், ஒவ்வொருவரிடமும் தனியாகத் தரப்படாமல் ஒரே பட்டியலாக நிர்வாகத்திடம் போவது.
- விடுதிக் காப்பாளரோ, வெளிமாநிலத் தொழிலாளருக்கு மொழிபெயர்ப்பாளராக வரும் காண்ட்ராக்டரோ மருத்துவரின் அறைக்குள் உடன் இருப்பது.
- ஆய்வக அறிக்கை நோயாளியின் எண்ணுக்கு வராமல் வேறொருவரின் வாட்சப் எண்ணுக்கு அனுப்பப்படுவது.

இவற்றில் எதற்கும் கணினித் திருட்டு தேவையில்லை. ஆனால் இதன் விளைவாக ஒருவர் வேலையையோ தங்குமிடத்தையோ இழக்கக்கூடும். தகவல் வெளியாகிவிடும் என்ற அச்சத்தால் காசநோய், எச்.ஐ.வி போன்றவற்றுக்குப் பரிசோதனை செய்துகொள்ளாமல் இருப்பவர்களும் உண்டு. எனவே இரகசியக் காப்பு தனிமனித உரிமையாக மட்டும் பார்க்கப்படுவதில்லை. நோய்க் கட்டுப்பாட்டுக்கும் அது ஒரு முன்நிபந்தனையாகக் கருதப்படுகிறது.

நீதிமன்றத் தீர்ப்புகளின் வளர்ச்சி

இந்திய அரசியலமைப்பில் அந்தரங்க உரிமை என்ற சொல் நேரடியாக இடம்பெறவில்லை. நீதிமன்றத் தீர்ப்புகள் வழியாகவே அது உருவானது. நக்கீரன் இதழ் தொடர்பான ஆர். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், 1994-இல் உச்ச நீதிமன்றம், தனித்து விடப்படும் உரிமை 21-ஆம் உறுப்பில் அடங்கியுள்ளது என்று கூறியது.

மருத்துவத் தகவல் குறித்த முதன்மையான வழக்கு 1998-இல் தீர்ப்பளிக்கப்பட்ட "எக்ஸ் எதிர் மருத்துவமனை இசட்" ஆகும். சென்னையில் உள்ள ஒரு மருத்துவமனையில் இரத்தம் கொடுத்தவருக்கு எச்.ஐ.வி இருப்பது தெரியவந்தது. அத்தகவல் வெளியானதால் அவருடைய திருமணம் நின்றது. மருத்துவமனை இரகசியத்தை மீறியது என்று அவர் தொடுத்த வழக்கில், அந்தரங்க உரிமை முழுமையானது அல்ல என்றும், மணக்க இருக்கும் பெண்ணின் உயிரைக் காக்கும் உரிமை அதற்கு மேலானது என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே தீர்ப்பில் திருமண உரிமை குறித்துச் சொல்லப்பட்ட கருத்துகள் வழக்குக்குத் தேவையற்றவை என்று 2002-இல் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

2017 ஆகத்து 24 அன்று, கே. எஸ். புட்டசாமி எதிர் இந்திய ஒன்றியம் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்க உரிமை ஓர் அடிப்படை உரிமை என்று ஒருமனதாக அறிவித்தது. அரசு அந்த உரிமையைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் அதற்குச் சட்ட அடிப்படை, நியாயமான நோக்கம், நோக்கத்துக்கு ஏற்ற அளவு ஆகியவை வேண்டும் என்ற அளவுகோல் இத்தீர்ப்பிலிருந்து நடைமுறைக்கு வந்தது. கோவிட்-19 பெருந்தொற்றின்போது நோயாளிகளின் வீட்டு வாசலில் அறிவிப்பு ஒட்டும் வழக்கத்துக்கு எதிரான மனுவில், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் உரிய அதிகாரியின் ஆணை இருந்தால் மட்டுமே அவ்வாறு ஒட்டலாம் என்று 2020 திசம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது.

மருத்துவர்களின் கடமை

எல்லா நோய்களுக்கும் பொதுவான பாதுகாப்பு, 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக நடத்தை விதிகளில் உள்ளது. தொழில் முறையில் அறிந்த நோயாளியின் இரகசியத்தை மருத்துவர் வெளியிடக் கூடாது. மூன்று சூழல்களில் மட்டும் விலக்கு உண்டு:

- நீதிமன்றத்தில் நீதிபதியின் ஆணைப்படி சொல்லும்போது.
- குறிப்பிட்ட ஒரு நபருக்கோ சமூகத்துக்கோ கடுமையான, அடையாளம் காணப்பட்ட ஆபத்து இருக்கும்போது.
- அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோயாக இருக்கும்போது.

முதலாளி கேட்பது இந்த மூன்றில் எதிலும் அடங்காது. மருத்துவர் கம்பெனியிடம் சம்பளம் வாங்குபவராக இருந்தாலும், நோயாளி குறித்த அவரது கடமை மாறுவதில்லை.

உள்நோயாளியின் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றும், நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றும் இதே விதிகள் கூறுகின்றன. இவற்றுக்குப் பதிலாகத் தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகத்தில் வெளியிட்ட புதிய விதிகள் அதே மாதத்தில் நிறுத்தி வைக்கப்பட்டன. எனவே 2002 விதிகளே தொடர்ந்தன.

இவ்விதிகளின் வரம்பு மருத்துவர்களோடு முடிந்துவிடுகிறது. கம்பெனியின் மனிதவள அலுவலர், விடுதிக் காப்பாளர், சூப்பர்வைசர் ஆகியோரை இவை கட்டுப்படுத்துவதில்லை.

நோய்வாரியான சட்டங்கள்

எச்.ஐ.வி

இந்தியாவில் எச்.ஐ.வி தொற்று முதன்முதலில் 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. மும்பை, சென்னை போன்ற இடங்களில் வேலை நீக்கம், சிகிச்சை மறுப்பு ஆகியவை தொடர்பாக நடந்த நீண்ட போராட்டங்களுக்குப் பின் எச்.ஐ.வி மற்றும் எய்ட்சு (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 2017 நிறைவேறியது. அது 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. நோயாளர் தகவல் தொடர்பான இந்தியச் சட்டங்களில் வேலையிடத்தை நேரடியாகத் தொடுவது இதுவே.

இச்சட்டப்படி எச்.ஐ.வி பரிசோதனைக்கு விவரம் அறிந்த ஒப்புதல் வேண்டும். வேலை தருவதற்கு முன்நிபந்தனையாக இப்பரிசோதனையைக் கேட்கக் கூடாது. நம்பிக்கையின் பேரில் அறிந்த மற்றொருவரின் எச்.ஐ.வி நிலையை, அவருடைய எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் யாரும் வெளியிடக் கூடாது. இந்த விதி மருத்துவர்களுக்கு மட்டுமானதல்ல. வேலையிலும் வாடகை வீடு, தங்குமிடம் ஆகியவற்றிலும் பாகுபாடு காட்டுவதும் தடை செய்யப்பட்டுள்ளது. இத்தகைய பதிவேடுகளை வைத்திருக்கும் நிறுவனங்கள் தரவுப் பாதுகாப்பு நடவடிக்கைகளை மேற்கொள்ள வேண்டும்.

நூறு அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள நிறுவனங்கள் புகார் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். மருத்துவ நிறுவனங்களுக்கு இந்த வரம்பு இருபது பேர். மாநில அரசு குறைகேள் அதிகாரியை நியமிக்க வேண்டும். அவர் 30 நாட்களுக்குள் ஆணை பிறப்பிக்க வேண்டும். வழக்குத் தொடுப்பவர் புனைபெயரில் வழக்கு நடத்த நீதிமன்றம் அனுமதிக்கலாம். திருப்பூரின் பெரிய ஏற்றுமதி நிறுவனங்கள் நூறு பேர் வரம்புக்குள் வருகின்றன. ஜாப் ஒர்க் செய்யும் சிறு யூனிட்டுகளில் புகார் அலுவலர் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்றாலும், தகவலை வெளியிடக் கூடாது என்ற தடை அங்கும் பொருந்தும்.

மனநலம்

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 23-ஆம் பிரிவு, மனநோய் உள்ளவரின் மனநலம், உடல்நலம், சிகிச்சை ஆகியவை பற்றிய தகவல்களுக்கு இரகசியக் காப்பு உரிமை அளிக்கிறது. நியமிக்கப்பட்ட பிரதிநிதி, சிகிச்சை தரும் பிற வல்லுநர்கள், பிறருக்கு நேரக்கூடிய தீங்கைத் தடுக்க வேண்டிய நிலை, நீதிமன்ற ஆணை போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. சிகிச்சை பெறுபவரின் படத்தையோ விவரத்தையோ அவர் ஒப்புதலின்றி ஊடகங்களுக்குத் தருவதை 24-ஆம் பிரிவு தடுக்கிறது. இச்சட்டத்தை முதன்முறை மீறினால் ஆறு மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

கருக்கலைப்பு

1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தில் 2021-இல் சேர்க்கப்பட்ட 5ஏ பிரிவின்படி, கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்ணின் பெயரையோ பிற விவரங்களையோ சட்டப்படி அதிகாரம் பெற்றவரைத் தவிர வேறு எவருக்கும் மருத்துவர் வெளியிடக் கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறை, தண்டம் அல்லது இரண்டும் விதிக்கப்படும். கணவர், பெற்றோர், முதலாளி, விடுதிக் காப்பாளர் எவரும் இந்த அதிகாரம் பெற்றவர் அல்லர். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் என்றால் போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தகவல் தர வேண்டியுள்ளது. எனினும் சிறுமியோ அவரது காப்பாளரோ கேட்டுக்கொண்டால், அத்தகவலில் சிறுமியின் அடையாளத்தை மருத்துவர் குறிப்பிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது.

காசநோய்

காசநோய் 2012 மே மாதம் முதல் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோயாகும். தனியார் மருத்துவரும் ஆய்வகமும் நோயாளியின் விவரத்தை நிக்சய் என்ற அரசுத் தளத்தில் பதிய வேண்டும். இது சிகிச்சையைத் தொடர்வதற்கும் ஊட்டச்சத்து உதவித்தொகை தருவதற்கும் ஆன ஏற்பாடு. அரசுக்கு அறிவிக்கும் கடமையைக் காரணம் காட்டி முதலாளிக்கோ விடுதிக்கோ தகவல் தர முடியாது. ஆயினும் எச்.ஐ.விக்கு இருப்பதுபோல, காசநோயாளியின் வேலையையும் இரகசியத்தையும் சேர்த்துக் காக்கும் தனிச் சட்டம் இல்லை. பஞ்சுத் தூசு நிறைந்த சூழலில் வேலை செய்பவர்களிடம் நீண்ட நாள் இருமல் பொதுவானது என்பதால், இந்த இடைவெளி திருப்பூரில் குறிப்பிடத்தக்கது.

வேலையிடமும் உடல்நலத் தகவலும்

தொழிற்சாலைகள் சட்டம், 1948 உடல்நலத் தகவலைச் சேகரிக்கும் கடமையைத்தான் முதன்மையாகப் பேசியது. பருத்தித் தூசால் வரும் பிசினோசிசு போன்ற தொழில்சார் நோய்களைக் கண்டறியும் மருத்துவர் தொழிற்சாலை ஆய்வகத்துக்கு அறிவிக்க வேண்டும். 500 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் மருத்துவ வசதியுள்ள அறை இருக்க வேண்டும். ஆனால் அந்த அறையின் பதிவேட்டை யார் பார்க்கலாம் என்ற கேள்விக்கு அச்சட்டம் தெளிவான விடை தரவில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் தொழிற்சாலைகள் சட்டம், தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், மகப்பேறு நலச் சட்டம் ஆகியவற்றின் இடத்தை எடுத்துக்கொண்டன. பணிப் பாதுகாப்புத் தொகுப்பு, குறிப்பிட்ட வகைத் தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனை செய்யும் கடமையை முதலாளிக்கு விதிக்கிறது. இதனால் கம்பெனிகளிடம் சேரும் உடல்நலத் தகவலின் அளவு கூடும்.

இ.எஸ்.ஐ என்று அறியப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு, நேரடியாக இரகசியச் சட்டம் இல்லாவிட்டாலும் அத்தகைய பயனைத் தருகிறது. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவர்கள் இதில் சேர்க்கப்படுகின்றனர். தொழிலாளி 0.75 விழுக்காடும் முதலாளி 3.25 விழுக்காடும் செலுத்துகின்றனர். இதில் பதிவு பெற்றவர் இ.எஸ்.ஐ மருந்தகத்தில் சிகிச்சை பெற்று, நோய்க்காலப் பணப்பயனை இ.எஸ்.ஐ கிளை அலுவலகத்தில் கோருகிறார். நோய்க்காலத்தில் ஊதியத்தின் 70 விழுக்காடு ஆண்டுக்கு 91 நாட்கள் வரையும், காசநோய் உள்ளிட்ட நீண்டகால நோய்களுக்கு 80 விழுக்காடு இரண்டு ஆண்டுகள் வரையும் கிடைக்கும். பணம் கம்பெனியிலிருந்து வராததால், நோயின் விவரத்தை அங்குக் காட்டி வாதாட வேண்டிய தேவை குறைகிறது. இ.எஸ்.ஐ பதிவு இல்லாத பீஸ் ரேட், காண்ட்ராக்ட் தொழிலாளர்கள் முன்பணத்துக்கும் விடுப்புக்கும் முதலாளியையே நம்பியிருப்பதால், நோயைச் சொல்லாமல் இருக்க அவர்களால் முடிவதில்லை.

கருச்சிதைவு விடுப்பில் இந்த முரண் மேலும் தெளிவாகத் தெரிகிறது. கருச்சிதைவுக்கோ மருத்துவக் கருக்கலைப்புக்கோ பின் ஆறு வாரம் ஊதியத்துடன் விடுப்புப் பெற மகப்பேறு நலச் சட்டம் உரிமை தந்தது. அதற்குச் சான்று காட்ட வேண்டும். கருக்கலைப்புப் பற்றி மருத்துவர் வாய் திறக்கக் கூடாது என்று ஒரு சட்டம் சொல்ல, அந்தச் சான்றைப் பெண்ணே கம்பெனி அலுவலகத்தில் கொடுத்தால்தான் விடுப்பு என்று இன்னொரு சட்டம் சொல்கிறது. இ.எஸ்.ஐ பெற்ற பெண் அதே பயனைக் கிளை அலுவலகத்தில் கோரலாம். மற்றவர்களில் பலர் வேறு காரணம் சொல்லி ஊதியமில்லா விடுப்பு எடுக்க நேர்கிறது.

பதிவேடே இல்லாத நிலையும் ஒரு சிக்கலாகும். தாம்சன் ராய்ட்டர்சு அறக்கட்டளை 2019 சூனில் வெளியிட்ட புலனாய்வில், தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் வேலை செய்யும் ஏறத்தாழ நூறு பெண்களிடம் பேசியபோது, மாதவிடாய் வலிக்கு வேலையிடத்தில் பெயர் குறிக்கப்படாத மாத்திரைகள் தரப்பட்டதாகத் தெரிவிக்கப்பட்டது. மாத்திரை பெறுவதற்குப் பெண்கள் தம் உடல்நிலையைச் சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டியிருந்தது. என்ன மருந்து என்ற தகவலோ அவர்களுக்குத் தரப்படவில்லை. தகவல் ஒரு திசையில் மட்டும் சென்றது.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1997-இல் வெளியிட்ட, தொழிலாளர்களின் தனிநபர் தரவு குறித்த நடைமுறைக் கோவை இதற்கு எளிய அளவுகோலைத் தருகிறது. மருத்துவத் தரவை மருத்துவ இரகசியத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் மட்டுமே வைத்திருக்க வேண்டும். அது மற்றக் கோப்புகளிலிருந்து தனியாக இருக்க வேண்டும். முதலாளிக்கு "வேலைக்குத் தகுதி", "தகுதி இல்லை", "இன்ன வேலை மட்டும் வேண்டாம்" என்பது போன்ற முடிவை மட்டும் சொன்னால் போதும். இக்கோவை சட்டமாகக் கட்டுப்படுத்துவதில்லை.

2022 தரவுக் கசிவு

2022 திசம்பரில், திருப்பூரில் உள்ள ஸ்ரீ சரண் மெடிக்கல் சென்டருடன் தொடர்புடைய ஏறத்தாழ 1.5 இலட்சம் நோயாளர்களின் தரவு இணையக் குற்றவாளிகளின் தளங்களிலும் டெலிகிராம் தடத்திலும் விற்பனைக்கு வைக்கப்பட்டதாகக் கிளவுட்செக் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் அறிவித்தது. அந்நிறுவனத்தின் அறிக்கைப்படி, தரவு 2007 முதல் 2011 வரையிலான காலத்தைச் சேர்ந்தது. நோயாளியின் பெயர், காப்பாளர் பெயர், பிறந்த நாள், முகவரி, மருத்துவர் விவரம் ஆகியவை அதில் இருந்தன. தரவில் இருந்த மருத்துவர்களின் பெயர்களைக் கொண்டே எந்த மருத்துவமனை என்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். மருத்துவமனையின் கணினி நேரடியாக உடைக்கப்படவில்லை என்றும், வெளி நிறுவனம் ஒன்றின் வழியாகத் தரவு வெளியேறியிருக்கலாம் என்றும் அறிக்கை கருதியது.

ஒரு படிக்கு 100 அமெரிக்க டாலர் விலை கேட்கப்பட்டது. அன்றைய மதிப்பில் இது 8,000 ரூபாய்க்குச் சற்று மேல். ஒரு நோயாளியின் விவரத்துக்கு ஏறக்குறைய ஐந்து காசு என்று கணக்காகிறது.

இந்நிகழ்வு தில்லி எய்ம்சு மருத்துவமனையின் கணினிகள் 2022 நவம்பர் 23 அன்று தாக்கப்பட்ட சில நாட்களில் வெளிவந்ததால் நாடளவில் கவனம் பெற்றது. இதில் சட்ட நோக்கில் முக்கியமானது தரவின் வயது. உள்நோயாளிப் பதிவேட்டை மூன்று ஆண்டுகளாவது வைத்திருக்க வேண்டும் என்று விதி இருந்தது. எப்போது அழிக்க வேண்டும் என்பதற்கு மருத்துவ விதிகளில் காலவரம்பு இல்லை. பத்தாண்டுக்கு மேற்பட்ட தரவும் விற்பனைக்கு வர முடிந்தது.

கணினித் தரவுக்கான சட்டங்கள்

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43ஏ பிரிவும் அதன்கீழ் 2011-இல் வந்த விதிகளும், உடல்நிலை, மனநிலை, மருத்துவப் பதிவு ஆகியவற்றை நுண்ணிய தனிநபர் தரவு என்று வகைப்படுத்தின. போதிய பாதுகாப்பு இல்லாத அலட்சியத்தால் ஒருவருக்கு இழப்பு நேர்ந்தால், நிறுவனம் அவருக்கு இழப்பீடு தர வேண்டும். ஐந்து கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலர் விசாரிக்கலாம். ஒப்பந்தப்படி பெற்ற தகவலைக் கெட்ட நோக்கத்துடன் வெளியிடுவது 72ஏ பிரிவின்கீழ் குற்றமாகும். இணையத் தாக்குதல் நடந்ததை ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் ஆணை வந்தது.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 இந்த நிலையை மாற்றுகிறது. இதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முதன்மையான கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வரும் வகையில் காலம் வகுக்கப்பட்டது. இச்சட்டப்படி:

- தரவைச் சேகரிப்பவர் நோக்கத்தைச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ பெறும் வாய்ப்பு இருக்க வேண்டும். தமிழ், இந்தி, ஒடியா, வங்காளம், மைதிலி, சந்தாளி ஆகியவை இதில் அடங்கும். போச்புரி அடங்காது.
- நோக்கம் முடிந்ததும், வேறு சட்டம் கேட்காவிட்டால், தரவை அழிக்க வேண்டும்.
- கசிவு நேர்ந்தால் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டும்.
- போதிய பாதுகாப்பு இல்லாமை காரணமாகக் கசிவு நேர்ந்தால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம்.

உடல்நலத் தகவல் நோக்கில் இச்சட்டத்தில் நான்கு குறைகள் சுட்டப்படுகின்றன. முதலாவதாக, உடல்நலத் தரவுக்கு இச்சட்டத்தில் தனி வகை இல்லை. தொலைபேசி எண்ணுக்கும் எச்.ஐ.வி முடிவுக்கும் ஒரே அளவுகோல்தான். இரண்டாவதாக, கணினியில் உள்ள தரவுக்கும் தாளிலிருந்து கணினிக்கு ஏற்றப்பட்ட தரவுக்கும் மட்டுமே இது பொருந்தும். முதலுதவி அறையில் உள்ள நோட்டுப் புத்தகம் இதற்கு வெளியே நிற்கிறது. மூன்றாவதாக, "வேலைவாய்ப்பு நோக்கங்களுக்காக" ஒப்புதல் இன்றித் தரவைப் பயன்படுத்த 7-ஆம் பிரிவு இடம் தருகிறது. நோய் விவரம் இதில் எவ்வளவு அடங்கும் என்பது வரையறுக்கப்படவில்லை. நான்காவதாக, 43ஏ பிரிவு நீக்கப்படுவதால் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கோரும் வழி மூடப்படுகிறது. புதிய சட்டத்தின் தண்டத் தொகை அரசின் கருவூலத்துக்கே செல்லும்.

அரசுத் திட்டங்கள்

ஆயுசுமான் பாரத் டிஜிட்டல் இயக்கம் 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதும் தொடங்கப்பட்டது. இதன்கீழ் தரப்படும் 14 இலக்க ஆபா எண்ணைப் பெறுவது தன்விருப்பமானது. ஆவணத்தைப் பகிர்வதற்கு நோயாளியின் ஒப்புதல் தேவை. தமிழ்நாட்டில் 2021 ஆகத்து 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டமும், அதைத் தொடர்ந்து வேலையிடங்களில் தொடங்கப்பட்ட தொழிலாளரைத் தேடி மருத்துவம் திட்டமும் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றைக் கண்டறிகின்றன. வேலையிடத்திலேயே பரிசோதனை நடப்பதால் ஒரு நாள் கூலி இழப்பு தவிர்க்கப்படுகிறது. அதே வேளையில் முடிவு தொழிலாளியிடம் தனியாகத் தரப்பட வேண்டிய தேவையும் கூடுகிறது. நலவாழ்வுத் தரவுக்கென ஒன்றிய அரசு 2018-இல் வெளியிட்ட "திசா" என்ற வரைவுச் சட்டம் நிறைவேற்றப்படவில்லை.

தீர்வு வழிகள்

- மருத்துவர் இரகசியத்தை மீறினால் தமிழ்நாடு மருத்துவக் கழகத்தில் புகார் செய்யலாம்.
- மருத்துவமனையின் சேவைக் குறைபாட்டுக்கு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்.
- எச்.ஐ.வி தொடர்பான மீறலுக்கு நிறுவனத்தின் புகார் அலுவலரையும் பின்னர் குறைகேள் அதிகாரியையும் அணுகலாம்.
- பெண்கள், தொழிலாளர்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசச் சட்ட உதவி தருகிறது.
- மற்றொருவரின் மருத்துவ விவரத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டால் அதை மறுக்கலாம். மருத்துவப் பதிவுகள் தனிநபர் தகவலே என்று 2019 நவம்பர் 13 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது.

நடைமுறையில், விடுப்புக்குத் தரப்படும் மருத்துவச் சான்றில் ஓய்வு தேவைப்படும் நாட்களை மட்டும் குறிப்பிடுமாறு மருத்துவரைக் கேட்பதும், மருந்துச்சீட்டையும் ஆய்வக அறிக்கையையும் அலுவலகத்தில் தராமல் இருப்பதும், அறிக்கையைத் தம் சொந்த எண்ணுக்கு மட்டும் அனுப்பக் கோருவதும் தகவல் பரவுவதைக் குறைக்கும்.

பிற நாடுகளுடன் ஒப்பீடு

அமெரிக்காவில் 1996-இல் இயற்றப்பட்ட இப்பா சட்டம் மருத்துவமனைகள், காப்பீட்டு நிறுவனங்கள், அவற்றுக்குச் சேவை செய்யும் நிறுவனங்கள் ஆகியவற்றைக் கட்டுப்படுத்துகிறது. முதலாளி வைத்திருக்கும் பணிக் கோப்புகள் அதன் வரம்புக்கு வெளியே உள்ளன. 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதி, உடல்நலத் தரவைச் சிறப்பு வகையாகக் கொண்டு, குறிப்பிட்ட விலக்குகள் தவிர மற்ற நேரங்களில் அதைக் கையாள்வதையே தடை செய்கிறது. திருப்பூர் ஆடைகளின் முதன்மையான சந்தைகள் இவ்விரண்டுமே. அங்குள்ள கடையில் ஆடையை வாங்குபவரின் உடல்நலத் தகவலுக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு, அதைத் தைத்தவரின் தகவலுக்கு இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை.